பேஸ்மேக்கர் வைத்த அப்பா இனி எதற்குப் பயப்பட வேண்டாம், எதில் கவனமாக இருக்க வேண்டும்?

தேனி பக்கம் விவசாயம் பார்க்கும் 66 வயது அப்பாவைப் பற்றி நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். திடீர் திடீரென்று மயங்கி விழுந்தவருக்கு கம்ப்ளீட் ஹார்ட் பிளாக் என்று கண்டுபிடித்து, மூன்று வாரம் முன்பு பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததிலிருந்து இடது கையை அசைப்பதே இல்லை, செல்போனைத் தொடுவதில்லை, மிக்சி ஓடினால் எழுந்து திண்ணைக்குப் போய்விடுகிறார், மோட்டார் ரூம் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. "இனிமேல் இப்படியேதான் இருக்கணுமா?" என்பது உங்கள் கேள்வி.

இல்லை, இப்படி இருக்கவே கூடாது. பேஸ்மேக்கர் பரிசோதனைப் பிரிவில் பல ஆண்டுகளாக டெக்னீஷியனாக வேலை செய்கிறேன். பேஸ்மேக்கரால் முடங்கிப் போனவர்களை விட, பேஸ்மேக்கர் மேல் இருக்கும் பயத்தால் முடங்கிப் போனவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவை முதல் ஆறு வாரத்துக்கு மட்டும்தான். அதற்கப்புறம் ஆயுள் முழுக்க மிஞ்சுவது சில பொருட்களிடம் கொஞ்சம் தூரம், சில சிகிச்சைகளுக்கு முன் ஒரு வார்த்தை, தவறாத செக்கப். அவ்வளவுதான்.

அந்தக் கருவி என்ன செய்கிறது என்று அப்பாவுக்குப் புரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். இதயத்தின் மேல் அறையில் தோன்றும் மின்துடிப்பு கீழ் அறைக்கு இறங்கி வருகிற பாதை அவருக்கு அடைபட்டிருக்கிறது. ரத்தக்குழாய் அடைப்பு வேறு, அதற்கு ஸ்டென்ட் வைப்பார்கள்; இது மின்சாரப் பாதையில் வந்த அடைப்பு. இடது பக்கக் காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் வைத்திருக்கும் டைட்டானியம் பெட்டிக்குள் பேட்டரியும் சின்ன மின்சுற்றும் இருக்கின்றன. அதிலிருந்து ரத்தநாளம் வழியாக ஒன்றோ இரண்டோ ஒயர்கள் இதயத்துக்குள் போகின்றன. கருவி ஒவ்வொரு துடிப்பையும் கவனித்துக்கொண்டே இருக்கும். நிமிடத்துக்கு 60 துடிப்பு என்று வைத்திருந்தால், ஒரு விநாடிக்குள் இதயம் தானாகத் துடிக்காதபோது மட்டும் சிறு மின்துடிப்பைக் கொடுக்கும். தானாகத் துடித்தால் சும்மா இருக்கும்.

தூரம் கடைப்பிடிக்கச் சொல்வதற்கான காரணமும் இந்தக் கவனிப்பில்தான் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் வலுவான மின்காந்தக் குறுக்கீட்டைக் கருவி இதயத்துடிப்பு என்று எடுத்துக்கொண்டால், 'சரி, இதயம் துடிக்கிறது' என்று தன் வேலையை நிறுத்திவைக்கக் கூடும். இப்போதைய கருவிகளில் இதைத் தடுக்கும் வடிகட்டிகள் உண்டு. குறுக்கீடு விடாமல் வந்தால் பல கருவிகள் பாதுகாப்பாக ஒரே சீரான வேகத்தில் துடிப்பைக் கொடுக்கத் தொடங்கிவிடும். அந்தப் பொருளை விட்டு விலகியதும் பழைய நிலைக்கு வந்துவிடும். மிக்சி சத்தம் கேட்டதும் கருவி நின்றுபோகும் என்பதெல்லாம் நடக்காத கதை.

முதலில் கையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் இதுதான் அவசரம். ஒயரின் நுனி இதயத் தசையில் பிடித்து உறுதியாக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை இடது முழங்கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது, கையைப் பின்னால் வளைத்து இழுக்கக் கூடாது, அந்தக் கையால் நான்கைந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. குடம், உர மூட்டை, பேரப்பிள்ளை எல்லாம் இந்தக் கணக்கில் வரும். கையை ஊன்றிக் கட்டிலிலிருந்து எழுவதையும் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் தோளுக்குக் கீழே கை தாராளமாக அசைய வேண்டும். சாப்பிட, சட்டைப் பொத்தான் போட, பேப்பர் படிக்க, துண்டு மடிக்க அந்தக் கையைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். கழுத்தில் தூளி கட்டித் தொங்கவிட்டபடி வாரக்கணக்கில் இருந்தவர்களுக்குத் தோள் இறுகிப்போய், பிறகு சட்டைக்குள் கையை நுழைக்கவே மாதக்கணக்கில் பிசியோதெரபி தேவைப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். கருவி நன்றாக வேலை செய்தது; கெட்டது தோள். இன்றைக்கே தொடங்குங்கள்: கையைத் தொங்கவிட்டு முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுவது, தோளை மெதுவாகச் சுழற்றுவது, காலை மாலை கொஞ்ச நேரம். வலித்தால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

புண் ஆறும் வரை உலர்ந்திருக்க வேண்டும் என்பதை ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். நம் ஊரில் கூடுதலாகச் சொல்ல வேண்டியது: மஞ்சள் பத்து, விபூதி, தைலம் எதையும் அந்த இடத்தில் போடாதீர்கள், யாரும் நீவிவிடக் கூடாது. லேசான வீக்கமும் நிறமாற்றமும் முதலில் இருக்கலாம். வீக்கம் பெருகினாலோ, சிவந்து சூடானாலோ, நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, கருவி வைத்த மருத்துவமனைக்கே போங்கள். பக்கத்து மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக் காத்திருப்பதும், தெரிந்த கிளினிக்கில் ஊசி குத்தி நீரை எடுப்பதும் மிகவும் ஆபத்து. ஊசி வழியாகக் கிருமி உள்ளே போனால், கருவியையும் ஒயரையும் மொத்தமாக எடுக்க வேண்டிய நிலைமை வரும். இந்த எச்சரிக்கை முதல் மாதத்தோடு முடிவதில்லை. சில வருடம் கழித்தும் கருவிக்கு மேலிருக்கும் தோல் மெலிந்து, சிவந்து, பளபளப்பாக ஆனால் அன்றே காட்ட வேண்டும். தோலுக்கடியில் தட்டுப்படும் பெட்டியை விரலால் உருட்டிப் பார்க்கும் பழக்கமும் வேண்டாம். கருவி சுழலச் சுழல ஒயர் முறுக்கிக்கொண்டு இடம்பெயர்ந்துவிடும்.

நாடித்துடிப்பு பார்ப்பதில் வீட்டில் ஒரு குழப்பம் வரும். 60 என்று வைத்திருக்கிறார்கள், மெஷினில் 85 காட்டுகிறதே என்று பதறிப்போய் போன் செய்வார்கள். 60 என்பது இதற்குக் கீழே இறங்கவிடாத எல்லை மட்டுமே. இரண்டு ஒயர் கொண்ட கருவியென்றால், மேல் அறை நடக்கும்போது வேகமெடுத்தால் கருவியும் அதைப் பின்தொடர்ந்து கீழ் அறையை வேகப்படுத்தும். அப்படித்தான் இருக்க வேண்டும். இன்னொரு பக்கம், இடையிடையே முந்திக்கொண்டு வரும் சில துடிப்புகள் வலுக்குறைவாக இருப்பதால், பிபி மெஷினிலும் விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரிலும் 45, 48 என்று குறைத்துக் காட்டுவதும் உண்டு. அப்போது மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். அப்படி எண்ணியும் வைத்த அளவை விடக் குறைவாகவே இருந்தால் மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். தலைசுற்றலோ மயக்கமோ சேர்ந்து வந்தால் போனில் பேசிக்கொண்டிருக்காமல் உடனே கிளம்புங்கள். நிற்காத விக்கல், வயிறோ மார்போ தாளகதியில் துள்ளுவது, இடது கை முழுக்க வீங்குவது, பழையபடி கண் இருட்டிக்கொண்டு வருவது இவையும் உடனே காட்ட வேண்டியவை.

சமையலறைக்கு வருவோம். மிக்சி, கிரைண்டர், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி, மின்விசிறி, மைக்ரோவேவ் அவன், கேஸ் அடுப்பு எதுவும் தடை இல்லை. ஓடும் மோட்டாரை நெஞ்சோடு சேர்த்து அணைத்துப் பிடிக்காமல் ஒரு சாண் தள்ளியிருந்தால் போதும். இண்டக்‌ஷன் அடுப்பு மட்டும் விதிவிலக்கு. அது ஓடும்போது கருவிக்கும் அடுப்புக்கும் நடுவில் இரண்டடி, அதாவது 60 செ.மீ. இடைவெளி வேண்டும். அதில் குனிந்து நின்று சமைப்பவராக இருந்தால் அடுப்பை மாற்றிவிடுவதே நிம்மதி. உங்கள் வீட்டில் அம்மா சமைக்கிறார், அப்பா கூடத்தில் இருக்கிறார் என்றால் கவலையே இல்லை.

செல்போனில் பேசலாம். வலது காதில் வைத்துப் பேச வேண்டும், சட்டையின் இடது பையில் போடக் கூடாது. 15 செ.மீ. தூரம் போதும். புதிய போன்களில் சிலவற்றுக்குள்ளேயே காந்த வளையம் இருக்கிறது. 2020-ல் வந்த ஐபோன் 12-க்குப் பிறகு இது பேசப்பட்டு, ஆப்பிள் நிறுவனமே 15 செ.மீ. தூரமும், ஒயர்லெஸ் சார்ஜில் இருக்கும்போது 30 செ.மீ. தூரமும் வைக்கச் சொல்கிறது. பொதுவாகக் காந்தம் பட்டால் கருவி நிற்காது. கவனிப்பதை விட்டுவிட்டு, நிலையான ஒரு வேகத்தில் துடிப்பைக் கொடுத்துக்கொண்டிருக்கும். காந்தத்தை எடுத்ததும் சரியாகிவிடும். அப்படியும் தெரிந்தே அந்த நிலைக்கு ஏன் கொண்டுபோக வேண்டும்? ஸ்பீக்கரை மார்போடு அணைத்துத் தூக்குவது, பையில் ஒட்டும் காந்த ஐடி கார்டு, மூட்டுவலிக்கு என்று விற்கும் காந்த மெத்தை, காந்த மாலை எல்லாவற்றையும் தவிர்த்துவிடுங்கள். மெத்தை விற்க வருபவர் இதயத்துக்கும் நல்லது என்பார். வாங்காதீர்கள்.

அப்பாவின் உண்மையான கேள்வி தோட்டத்தைப் பற்றியதாக இருக்கும். மோட்டார் ரூமுக்குப் போகலாம், ஸ்டார்ட்டர் போடலாம். நான் இங்கே கேட்கச் சொல்வது வேறு: எர்த் சரியாக இருக்கிறதா? மோட்டாரையோ குழாயையோ வாஷிங் மெஷினையோ தொட்டால் 'சுருக்' என்று லேசாக அடிக்கிறது, செருப்புப் போட்டுக்கொண்டால் தெரியாது என்று பல வீடுகளில் வருடக்கணக்கில் விட்டு வைத்திருப்பார்கள். அந்தக் கசிவு மின்சாரம் உடம்பு வழியாகப் போகும்போது கருவி அதை இதயத்துடிப்பாக எடுத்துக்கொண்ட நிகழ்வுகள் மருத்துவ உலகில் பதிவாகியிருக்கின்றன. மிக்சியைப் பார்த்துப் பயப்படுவதற்குப் பதில் ஒரு எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு வீட்டுக்கும் தோட்டத்துக்கும் எர்த் பார்த்து, கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி போடுங்கள். வீட்டில் எல்லோருக்குமே நல்லது. சூரிய மின்வேலி இருந்தால் அதன் கம்பியை அவர் தொடக் கூடாது.

முதுகில் மாட்டும் மருந்தடிக்கும் டேங்கை யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். வார் சரியாகக் கருவியின் மேலேயே அழுத்தும், நிறைந்த டேங்கின் எடையும் அதில் இறங்கும். அந்த வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவது நல்லது. இன்ஜினில் ஓடும் களைவெட்டி, மரம் அறுக்கும் ரம்பம் இவற்றின் இக்னிஷன் பகுதி மார்பிலிருந்து 30 செ.மீ. தள்ளியே இருக்க வேண்டும். ரம்பத்தில் அதைக் கடைப்பிடிப்பது கஷ்டம் என்பதால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். வெல்டிங் அடிப்பவராக இருந்தால் தானாக முடிவெடுக்காமல் மருத்துவரிடம் ஆம்பியர் அளவைச் சொல்லிக் கேட்க வேண்டும். மண்வெட்டி பிடிப்பது, தலைச்சுமை, மரமேறுவது எல்லாம் ஆறு வாரச் செக்கப்பில் ஒயர் உறுதியாகிவிட்டது என்று தெரிந்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக. இடது கையைத் தலைக்கு மேலே ஓங்கி ஓங்கி நாள் முழுக்கச் செய்யும் வேலை, வருடக்கணக்கில் போனால் காறை எலும்புக்கடியில் ஒயரைத் தேய்க்கலாம். அதனால் அவர் செய்யும் வேலையை மருத்துவரிடம் நடித்தே காட்டச் சொல்லுங்கள். "விவசாயம்" என்று ஒரு வார்த்தையில் சொன்னால் அறையில் இருப்பவர்களுக்கு ஒன்றும் புரியாது.

வண்டி ஓட்டுவதைப் பொறுத்தவரை, மயங்கி விழுந்தவர் என்பதால் மருத்துவர் 'ஓட்டலாம்' என்று சொல்லும்வரை டிவிஎஸ் எக்ஸ்எல் சாவி உங்களிடமே இருக்கட்டும். சொன்ன பிறகு ஓட்டலாம். ஓடும் இன்ஜின் மேல் குனிந்து ரிப்பேர் பார்ப்பதை மட்டும் தவிர்க்க வேண்டும். காரில் ஓட்டுநர் இருக்கையில் பெல்ட் வலது தோளிலிருந்து வருவதால் இடது பக்கக் கருவியில் படாது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால் சரியாக அதன் மேலேயே வரும். ஒரு சிறு துண்டை மடித்து நடுவில் வைத்துக்கொள்ளலாம். பெல்ட் போடாமல் இருக்க இது காரணமாகாது.

மதுரை மீனாட்சியம்மன் கோயில், திருப்பதி, விமான நிலையம், மால் எங்கே மெட்டல் டிடெக்டர் வாசல் இருந்தாலும் சாதாரண நடையில் கடந்து போய்விடலாம். நடுவில் நிற்பதும் சாய்வதும்தான் கூடாது. கருவியின் உலோகத்தால் அலாரம் அடிக்கலாம். பேஸ்மேக்கரோடு கொடுத்த அடையாளக் கார்டைக் காட்டி, கையில் பிடிக்கும் டிடெக்டரை மார்பின் மேல் வைத்துக்கொண்டே இருக்காமல் கையால் சோதிக்கச் சொல்லலாம். கூட்டத்தில் வரிசை அந்த வாசலிலேயே நின்றுவிடும் நாட்களில் முதலிலேயே காவலரிடம் சொல்லிப் பக்கவாட்டில் போங்கள். விழுந்து கும்பிடுவதும் புண் ஆறி ஆறு வாரம் போனபின் சரி.

அந்தக் கார்டைப் பற்றி ஒரு வார்த்தை. கருவியின் மாடல், சீரியல் எண், ஒயரின் மாடல், வைத்த தேதி எல்லாம் அதில் இருக்கும். பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். அப்பாவின் சட்டைப்பையில் நகல் ஒன்று, வீட்டில் எல்லோர் போனிலும் படம் ஒன்று இருக்கட்டும். இது அதிகம் தேவைப்படுவது வேறு மருத்துவமனைகளில். எக்ஸ்ரேயும் அல்ட்ராசவுண்டும் தடையில்லாமல் எடுக்கலாம், சி.டி. ஸ்கேனும் எடுக்கலாம், சொல்லிவிட்டு எடுங்கள். எம்ஆர்ஐ எடுக்கவே கூடாது என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். எம்ஆர்ஐக்கு ஏற்ற கருவிகள் வந்து பல வருடமாகிறது. அமெரிக்காவில் முதல் அனுமதி 2011-ல் கிடைத்தது. ஆனால் பெட்டி, ஒயர் இரண்டுமே அந்த வகையாக இருக்க வேண்டும். பொதுவாக வைத்து ஆறு வாரம் ஆகியிருக்க வேண்டும். ஸ்கேனுக்கு முன் கருவியை எம்ஆர்ஐ நிலைக்கு மாற்றி, முடிந்ததும் திரும்ப மாற்ற வேண்டும். எனவே முதுகுவலிக்கு யாராவது எம்ஆர்ஐ எழுதிக் கொடுத்தால் நேராக ஸ்கேன் சென்டருக்குப் போகாமல் முதலில் எங்களைப் போன்றவர்களிடம் வாருங்கள்.

உண்மையிலேயே கூடாதது பிசியோதெரபியில் கொடுக்கும் டயாதெர்மி என்ற சூட்டு சிகிச்சை. அது ஒயர் நுனியில் இதயத் தசையைச் சுட்டுவிடும். தோள்வலிக்கு, முதுகுவலிக்குப் போகும்போது பிசியோதெரபிஸ்ட்டிடம் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். தசைக்குக் கரண்ட் வைக்கும் டென்ஸ் கருவியும் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். கண்புரையோ குடலிறக்கமோ எந்த அறுவை சிகிச்சையானாலும், மின்சாரத்தால் சுட்டு ரத்தக்கசிவை நிறுத்தும் காட்டரியைப் பயன்படுத்தக்கூடும் என்பதால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பல் டாக்டரிடமும் சொல்லுங்கள். பெரும்பாலான பல் சிகிச்சைகளுக்குத் தடை இல்லை.

நடை கட்டாயம். இப்போதே காலை மாலை நடக்கட்டும். ஆறு வாரம் போனபின்னும் மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றால் 'வயசாச்சு' என்று விட்டுவிடாதீர்கள். உடல் அசைவை உணர்ந்து துடிப்பைக் கூட்டும் வசதி பல கருவிகளில் உண்டு. அதை இயக்கவும் அளவை மாற்றவும் முடியும். ஒற்றை ஒயர் வைத்தவர்களுக்கு இது பெரிய வித்தியாசத்தைத் தரும். அந்த வசதி இருந்தால் குண்டும் குழியுமான சாலையில் டவுன் பஸ்ஸில் போகும்போது சும்மா உட்கார்ந்திருந்தாலும் துடிப்பு கொஞ்சம் ஏறலாம், பயப்பட வேண்டாம். மாத்திரைகள் தொடர வேண்டும். பிபியையும் சர்க்கரையையும் பேஸ்மேக்கர் பார்த்துக்கொள்ளாது. உணவில் புதிய பத்தியம் எதுவும் இல்லை. கேட்கத் தயங்குகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: தாம்பத்திய வாழ்க்கைக்கும் தடை இல்லை.

உலகிலேயே முதன்முதலில் உடலுக்குள் பேஸ்மேக்கர் வைக்கப்பட்டவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஆர்னே லார்சன். 1958 அக்டோபர் 8-ஆம் தேதி வைத்த அந்தக் கருவி சில மணி நேரத்திலேயே நின்றுவிட்டது. அதன் பிறகு இருபதுக்கும் மேற்பட்ட கருவிகள் மாற்றி மாற்றி வைத்து, அவர் 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார். கருவியை வடிவமைத்த எல்ம்குவிஸ்ட்டும் அதைப் பொருத்திய டாக்டர் சென்னிங்கும் அவருக்கு முன்பே காலமாகிவிட்டார்கள். அப்பா ரொம்பச் சோர்ந்திருக்கும் நாளில் இதைச் சொல்லுங்கள்.

இன்றைய பேட்டரி பொதுவாக எட்டிலிருந்து பன்னிரண்டு ஆண்டு வரும். சார்ஜ் போட முடியாது, பேட்டரியை மட்டும் மாற்றவும் முடியாது, பெட்டியையே மாற்றுவார்கள். ஒயர் நன்றாக இருந்தால் அதிலேயே புதுப் பெட்டியை இணைத்துவிடலாம். ஒரு நாள் திடீரென்று நின்றுவிடாது. சில மாதம் முன்பே கருவி எச்சரிக்கும். ஆனால் அந்த எச்சரிக்கையைப் படிக்க அவர் செக்கப்புக்கு வந்திருக்க வேண்டும். நன்றாகத்தான் இருக்கிறேன் என்று நான்கைந்து வருடம் வராமலே இருந்துவிடுகிறவர்கள்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறவர்கள். ஆரம்பகாலச் செக்கப்புகளுக்கு இன்னொரு பயனும் உண்டு. ஆரம்பத்தில் பாதுகாப்புக்காக மின்துடிப்பின் அளவைக் கூட்டி வைத்திருப்பார்கள். இரண்டு மூன்று மாதத்தில் எவ்வளவு போதும் என்று சோதித்துக் குறைத்தால் பேட்டரி கூடுதல் காலம் வரும். வலியில்லாத சோதனை, நடுவில் சில விநாடி படபடப்போ லேசான கிறுகிறுப்போ தோன்றலாம். அதை முன்பே சொல்லி அழைத்து வாருங்கள்.

கேட்கச் சங்கடமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 'இது இருந்தால் கடைசிக் காலத்தில் உயிர் போகாமல் இழுத்துக்கொண்டே இருக்குமா?' என்று பலர் தனியாக வந்து கேட்பார்கள். இருக்காது. இதயத் தசைக்கு உயிர் இல்லாதபோது மின்துடிப்புக்கு அது அசையாது. எந்தக் காலத்திலானாலும் தகனம் செய்வதானால் அதற்கு முன் கருவியை எடுத்துவிட வேண்டும். நெருப்பில் அதன் பேட்டரி வெடிக்கும், மின்மயானமானாலும் விறகானாலும். எடுப்பது எளிய வேலைதான், மருத்துவமனையில் சொன்னால் செய்து கொடுப்பார்கள். குடும்பத்தில் ஒருவராவது இதைத் தெரிந்து வைத்திருங்கள்.

ஆறு வாரச் செக்கப்புக்குப் போகும்போது இவற்றைக் கேட்டு எழுதி வாங்கி வாருங்கள்: ஒயர் ஒன்றா இரண்டா, குறைந்தபட்சத் துடிப்பு எவ்வளவு வைத்திருக்கிறார்கள், பெட்டியும் ஒயரும் எம்ஆர்ஐக்கு ஏற்றவையா, அவருடைய இதயம் எந்த அளவுக்குக் கருவியை நம்பியிருக்கிறது, கையை எப்போதிலிருந்து முழுமையாகத் தூக்கலாம், வண்டி எப்போது ஓட்டலாம், அடுத்து எப்போது வர வேண்டும். அதுவரை கையை ஆட்டச் சொல்லுங்கள், போனை வலது காதில் கொடுங்கள், மிக்சி ஓடும்போது கூடத்திலேயே உட்கார வையுங்கள்.